கோல்டன்ஐ 007: 2010 ரீமேக்கா, 2023 மறுவெளியீடா?

முத்தியால்பேட்டையில் எங்கள் மாடி அறையில் சித்தப்பா பையன்களோடு உட்கார்ந்தால் முதலில் வருவது இந்த வழக்குதான். கோல்டன்ஐ 007, ரேர் நிறுவனம் 1997-இல் நின்டெண்டோ 64 என்ற கேம் கன்சோலுக்காகச் செய்த ஜேம்ஸ் பாண்ட் வீடியோ கேம். ஒரே டிவியை நான்காகப் பிரித்து நான்கு பேர் சுட்டுக்கொள்ளலாம்.

2010-இல் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு யூரோகாம் நிறுவனம் செய்தது முழு ரீமேக். பாண்டாக இருந்த நடிகர் பியர்ஸ் பிராஸ்னன் போய் டேனியல் கிரெய்க் வந்தார். இடங்களின் அமைப்பும் மாறியது. எனக்கு உறுத்துவது வேறு. அடிபட்டாலும் மறைவாக ஒதுங்கி நின்றால் உயிர் தானாக ஏறிவிடுகிறது. மூலத்தில் குறைந்த உயிர் குறைந்ததுதான், கவச உடை கிடைத்தால் பிழைப்போம். அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு கதவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தோம். '007 கிளாசிக்' என்ற கடின நிலையில் பழைய முறை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆன்லைனில் 8 பேர் ஆடும் வசதியும் அதில் இருந்தது.

2023 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல்களில் வந்தது அதே பழைய ஆட்டம். நான்கு பேர் ஆடும்போது நின்டெண்டோ 64-இல் திக்கித் திணறிய காட்சி எக்ஸ்பாக்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. படமும் கூர்மை. ஆனால் அதில் ஆன்லைன் கிடையாது, ஸ்விட்சில்தான் உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அத்தை மகனோடு ஆட அதுதான் வழி.

என் ஓட்டு 2023-க்கே. குழாய்க்குள் ஊர்ந்து கழிப்பறைக்குள் குதிக்கும் அந்த 'ஃபெசிலிட்டி' கட்டத்தின் தொடக்கம் அப்படியே இருக்கிறது.