மண்டபத்தில் 'இலவச முழு உடல் பரிசோதனை' என்றால் பெரியவர்களைத் தனியாக விடாதீர்கள்

ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வருவார்கள். நம் நெல்லைப் பக்கத்து ஊர்களில் இது பழகிப்போன காட்சி. மண்டபத்துக்குள் போனால் கையில் ஓர் உலோகக் கம்பியைக் கொடுப்பார்கள். ஒரு நிமிஷத்தில் லேப்டாப்பில் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வரும். "ஆச்சி, உங்களுக்கு எலும்பு தேய்ஞ்சிட்டு, இப்பவே பார்க்கணும்" என்பார்கள். புரதப் பவுடர், கால்சியம் மாத்திரை, மூட்டுவலிச் சூரணம் என்று மூன்று டப்பா கைக்கு வரும். ஏழெட்டாயிரம் போயிருக்கும், பில்லுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு.

அந்தக் கம்பியால் அதிகபட்சம் உள்ளங்கையின் மின்தடையைத்தான் அளக்க முடியும். கை வியர்த்திருந்தால் ஒரு கணக்கு, காய்ந்திருந்தால் வேறு கணக்கு. வயது, உயரம், எடையை முதலிலேயே கேட்டுத் தட்டிக்கொள்வதைக் கவனியுங்கள். எலும்பின் அடர்த்தியை அறிய டெக்ஸா ஸ்கேன் வேண்டும். வைட்டமின் டி, பி12 அளவுக்கு ரத்தம் எடுத்தே ஆக வேண்டும்.

புரத டப்பாவில் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். எது அதிகமோ அதுதான் பொருட்பட்டியலில் முதலில் இருக்கும். அங்கே மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் நீங்கள் காசு கொடுத்தது மாவுச்சத்துக்கு. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்டிருந்தாலும் அது குளுக்கோஸ் மாதிரியே சுகரை ஏற்றும். 60 கிலோ எடையுள்ள மூத்தவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 60 முதல் 70 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் சாளை மீனில் 20 கிராம் அளவுக்கு, உளுந்தங்களிக்குப் போடும் 50 கிராம் உளுந்தில் 11 கிராம் இருக்கிறது. (சுகர் உள்ளவர்கள் களிக்குக் கருப்பட்டியைக் கொட்டிவிட வேண்டாம்.) கிட்னி பழுதானவர்களுக்குக் கூடுதல் புரதமே கெடுதல், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் பவுடரைத் தொடக்கூடாது.

'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்றால் உள்ளே கால்சியம் 500 தான். அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையென்றால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. வைட்டமின் டி 60,000 யூனிட் என்பது, டாக்டர் சொல்லும் வாரங்களுக்கு மட்டும், வாரம் ஒன்றாகப் போடுவது. தினமும் ஒன்று என்று யாராவது எழுதிக்கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று போய்க் கிட்னியில் முடியும்.

மூன்றாவது டப்பாதான் பெரிய பயம். மூட்டுவலிச் சூரணங்களில் ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் பொடித்துக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருஷமாக இருந்த வலி மூன்றே நாளில் பறந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். பசி கூடும், முகம் உப்பும், சுகரும் பிரஷரும் ஏறும். கோபத்தில் டப்பாவைத் தூக்கி எறிந்து ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென்று நின்றால் பிரஷர் விழுந்து ஆள் சரிந்துவிடலாம். டப்பாவோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், "இதில் ஸ்டீராய்டு இருக்கலாம், இத்தனை மாசமா சாப்பிட்டிருக்காங்க" என்று டாக்டரிடம் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பார்கள்.

டப்பாவில் பொதிகை மலைப் படம் இருப்பதும் நம்பிக்கைக்குக் காரணமாகாது. அந்த மலைப்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். நினைத்தவர் நினைத்தபடி மூலிகை பறித்துவர முடியாது. சித்த மருந்துதான் வேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்துக் கொடுப்பார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? டப்பா, துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அந்த ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சத்துணவு டப்பா என்றால் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி அச்சிட்டுவிட்டு, சுகரைக் குணமாக்கும் என்று நோட்டீஸ் அடித்திருந்தால் அந்த நோட்டீஸே உங்களுக்குச் சாட்சி. மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிரான 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.