கொலம்போவா, ஜெசிகாவா: வந்துபோகும் நடிகர்களுக்கு எங்கே இடம்?

அமெரிக்கத் துப்பறியும் தொடர்களில் ‘கொலம்போ’வையும் ‘மர்டர், ஷி ரோட்’டையும் எதிரெதிரே வைப்பதில் ஒரு வசதி உண்டு. இரண்டுமே ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற எழுத்து இரட்டையரின் மூளையில் உதித்தவை. இரண்டாவதில் கூடச் சேர்ந்த பீட்டர் எஸ். ஃபிஷரும் முன்பு கொலம்போவுக்குக் கதை எழுதியவர்தான். ஆகவே ஒன்றில் நல்ல எழுத்தாளர்கள் இருந்தார்கள், மற்றதில் இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. வித்தியாசம் முழுக்கக் கதையின் கட்டுமானத்தில் இருக்கிறது. அந்தக் கட்டுமானம்தான் ஒரே ஒரு எபிசோடுக்கு மட்டும் வந்துபோகும் நடிகர்களின் தலையெழுத்தையும் தீர்மானித்தது.

என் ஓட்டு கொலம்போவுக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த சங்கதிகளை வேகமாகக் கடந்துவிடலாம். கசங்கிய மழைக்கோட்டு, ஓட்டை பியூஷோ 403 கார், கதவு வரை போய்த் திரும்பிவந்து கேட்கும் கடைசிக் கேள்வி: போலீஸ் துப்பறிவாளர் கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க் இதற்காக நான்கு எம்மி விருதுகள் (அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருது) வாங்கினார். ‘மர்டர், ஷி ரோட்’டில் கொலைகளைத் துப்பறியும் கதாசிரியை ஜெசிகா ஃபிளெட்ச்சராக நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரி 12 முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட வாங்கவில்லை. அது அநியாயம்தான், ஆனால் இங்கே பேச்சு அவர்களைப் பற்றியது அல்ல.

துப்பறியும் தொடர் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறுக்குவழி இருக்கிறது. சந்தேகப் பட்டியலில் ஆறு பேர். ஐந்து பேரை இதற்குமுன் பார்த்ததில்லை, ஆறாவது ஆள் பெரிய நடிகர். அவருக்குக் கதையில் பெரிதாக வேலையும் இல்லை. கொலையாளி அவர்தான். சும்மா காப்பி குடித்துவிட்டுப் போகவா அவ்வளவு சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்தார்கள்? எந்தத் துப்பும் இல்லாமல் டைட்டில் கார்டைப் படித்தே கண்டுபிடித்துவிடலாம். நட்சத்திரத்தை அழைத்தால் மர்மம் உடைகிறது, அழைக்காவிட்டால் விளம்பரத்துக்கு ஆள் இல்லை. இந்தச் சிக்கலுக்கு இரண்டு தொடர்களும் இரண்டு விதமாகத் தீர்வு கண்டன.

கொலம்போவின் தீர்வு, சிக்கலையே தூக்கி எறிவது. கொலை செய்தது யார், எப்படிச் செய்தார் என்பதெல்லாம் முதலிலேயே காட்டப்பட்டுவிடும். எப்படி மாட்டப்போகிறார் என்பது மட்டுமே மீதி. எழுபதுகளில் இதன் வழக்கமான எபிசோடு ஒன்றரை மணி நேர ஒளிபரப்பு. விளம்பரம் போக எழுபத்தைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே தேறும். அதில் முதல் பதினைந்து இருபது நிமிடம் நாயகனே பெரும்பாலும் வரமாட்டார். அந்த நேரம் முழுக்கக் கொலையாளிக்குச் சொந்தம். வீட்டைப் பார்க்கிறோம், தொழிலைப் பார்க்கிறோம், எதற்காகக் கொல்கிறார் என்று புரிகிறது, அலிபி (கொலை நேரத்தில் வேறெங்கோ இருந்ததாகக் காட்டும் சாட்சியம்) எப்படித் தயாராகிறது என்பதை அவர் தோளுக்குப் பின்னால் நின்று கவனிக்கிறோம். கொலம்போ வந்தபிறகும் காட்சிகளில் பாதிக்கு மேல் இவர்கள் இருவர் மட்டுமே. கணக்குப் பார்த்தால், வந்துபோகிறவருக்கு நாயகனுக்குச் சமமான நேரம் கிடைக்கிறது.

‘மர்டர், ஷி ரோட்’டின் தீர்வும் லேசுப்பட்டதல்ல. ஒரு தெரிந்த முகம் இருந்தால்தானே காட்டிக்கொடுக்கும்? எல்லோரையுமே தெரிந்த முகமாகப் போட்டுவிட்டார்கள். 1984 முதல் 1996 வரை 264 எபிசோடுகளில் வேன் ஜான்சன், ஜூன் அலிசன், மிக்கி ரூனி, கேத்ரின் கிரேசன், டோரதி லமூர் என்று பழைய ஹாலிவுட்டே வந்துபோனது. அமெரிக்க வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இரவு, “அட, இவர் இன்னும் நடிக்கிறாரா!” என்று பேசிக்கொள்வதே பாதி சுவாரசியம். யார் கொலையாளி என்பது உண்மையிலேயே மறைந்திருந்தது.

ஆனால் இதற்குக் கொடுத்த விலை பெரியது. ஒரு மணி நேர ஒளிபரப்பில் கதைக்குக் கிடைப்பது ஐம்பது நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் செத்துப்போகிறவர், ஐந்தாறு சந்தேக நபர்கள், அவசரப்படும் போலீஸ்காரர், தப்பாகக் கைதாகும் உறவினர் (பாதி நேரம் ஜெசிகாவின் கணவர் வழி உறவுப் பையன் கிரேடிதான், பாவம்), எல்லோரும் வந்தாக வேண்டும். ஒரு நட்சத்திரத்துக்குக் கிடைப்பது பார்ட்டியில் ஒரு சண்டை, ஜெசிகாவுடன் ஒரு விசாரணை, கடைசியில் ஒரு முறைப்பு. கொலையாளியாக இருந்தால் கூடுதலாக ஒரு வாக்குமூலம். எப்படிப்பட்ட நடிகராக இருந்தாலும் நான்கைந்து நிமிடத்தில் ஒரு மனிதனை உருவாக்க முடியாது. தன் பழைய புகழை வைத்துத்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

எனக்குத் தீர்மானமான காரணம் இதுதான். பழைய புகழைச் சார்ந்து நிற்கிற காட்சி, அந்தப் புகழ் மறக்கப்பட்டதும் காலியாகிவிடுகிறது. எம்ஜிஎம் ஸ்டுடியோவின் பழைய இசைப்படங்களைப் பார்த்து வளராத ஒருவருக்குக் கேத்ரின் கிரேசன் யாரோ ஒரு பாட்டி. நம் பக்கத்துப் பார்வையாளர்களில் பெரும்பாலோர் இந்த நிலைமையில்தான் இருக்கிறோம். கொலம்போவில் அந்த முன்கதை தேவையே இல்லை. கொலையாளியாக வரும் ஜாக் கேசிடி யார் என்று தெரியாமலே ‘மர்டர் பை தி புக்’ (1971, இயக்கம் இருபத்து நான்கு வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்) பார்க்க உட்காருங்கள். முடிவதற்குள் அந்த வழவழப்பான சிரிப்பை வெறுக்கக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். அந்த ஆளைத் தொடர் அங்கேயே, நம் கண்ணெதிரே உருவாக்குகிறது.

அதனால்தான் திரும்பப் பார்க்கும்போதும் கொலம்போ தாங்குகிறது. யார் என்ற கேள்வியை நம்பியிருக்கும் கதை ஒருமுறை விடை தெரிந்ததும் பாதி செத்துவிடும். விடையை முதலிலேயே கொடுத்துவிட்ட கதைக்கு இழக்க எதுவுமில்லை. இரண்டாம் முறை பார்க்கையில் நடிப்பு மட்டுமே மிஞ்சுகிறது, அதுவோ நன்றாக இருக்கிறது.

உதாரணத்துக்கு ‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’ (1973). டொனால்ட் பிளெசன்ஸ் ஒயின் தயாரிப்பாளர். தம்பி நிலத்தை விற்கப்போகிறான் என்றதும் அவனை ஒயின் நிலவறையில் போட்டு, ஏசியை அணைத்துவிட்டு நியூயார்க் போய்விடுகிறார். ஊரில் இல்லாத நாட்களில் கடும் வெயில் அடித்து அறை சூடேறுகிறது. பிறகு கொலம்போ அவருடைய நிலவறை ஒயினையே அவருக்குத் தெரியாமல் ஓட்டலில் பரிமாற வைக்கிறார். ஒரு மிடறு குடித்ததும் மனிதர் கெட்டுப்போன ஒயின் என்று கத்துகிறார். ஏசி ஓடவில்லை என்பதற்கு அவர் நாக்கே சாட்சி. துப்பு வெளியிலிருந்து வரவில்லை, அந்த மனிதரின் பெருமையிலிருந்தே வருகிறது. நடிகர் அந்தப் பெருமையை ஒரு மணி நேரம் கட்டி எழுப்பியிருந்தால்தான் இந்த முடிவு வேலை செய்யும். நான்கு நிமிட வேடத்தில் இது நடக்காது.

‘பை டான்ஸ் எர்லி லைட்’ (1974) இன்னொரு வகை. பேட்ரிக் மெக்கூஹன் ராணுவப் பள்ளித் தலைவர் கர்னல் ரம்ஃபோர்ட். பள்ளியை மாற்றியமைக்க நினைக்கும் நிறுவனரின் பேரனைச் சடங்குப் பீரங்கியில் வெடிமருந்தை மாற்றி, குழாயில் துணியை அடைத்துக் கொல்கிறார். அவரைச் சிக்கவைப்பது மாணவர்கள் திருட்டுத்தனமாகப் புளிக்கவைத்து ஜன்னலில் தொங்கவிட்ட சைடர் (ஆப்பிள் மது) ஜாடி. அது எந்த நேரத்தில், எங்கிருந்து பார்த்தால் தெரியும் என்பதுதான் முடிச்சு. ஒழுங்கில் பைத்தியமான ஆள் ஒழுங்குமீறலைக் கண்டிக்காமல் இருக்க முடியாமல் மாட்டுகிறார். மெக்கூஹனுக்கு எம்மி கிடைத்தது. மொத்தம் நான்கு முறை கொலையாளியாக வந்தவர் அவர், சில எபிசோடுகளை இயக்கியும் இருக்கிறார்.

மூன்று முறை கொலையாளியாக வந்தவர்கள் கேசிடியும் ராபர்ட் கல்ப்பும். கேசிடியின் மூவரும் ஏறக்குறைய ஒரே ஆள்தான், வேறு வேறு சட்டை. கல்ப்பிடம் எரிச்சலின் அளவு மாறும். ‘டபுள் எக்ஸ்போஷர்’ (1973) பாருங்கள். விருந்தில் உப்புத் தூக்கலான கேவியர் (மீன்முட்டை) கொடுத்து, படச்சுருளில் கண்ணுக்குத் தட்டுப்படாத வேகத்தில் குளிர்பானக் காட்சிகளை ஒட்டி, தாகத்தில் வெளியே வருகிறவரைச் சுடுகிறார். கொலம்போ அதே உத்தியை அவர்மீதே திருப்பிவிடுகிறார்.

கொலம்போவில் சறுக்குவது எங்கே என்றும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேர ஒளிபரப்புக்காக நீட்டப்பட்டவற்றில் சில ஜவ்வு மாதிரி இழுபடும். கொலையாளி நடிகர் சொதப்பினால் தப்பிக்க வழியே இல்லை. மொத்தப் பாரமும் ஒருவர் தலையில். ஜெசிகா பக்கம் அந்த ஆபத்து கிடையாது, ஒருவர் சுமாராக நடித்தாலும் மீதி ஐந்து பேர் தாங்கிக்கொள்வார்கள்.

‘மர்டர், ஷி ரோட்’டுக்கே உரிய ஒரு பெருமையும் உண்டு. 1987இல் வந்த ‘தி டேஸ் ட்விண்டில் டவுன்’ எபிசோடு, 1949இல் வெளியான ‘ஸ்ட்ரேஞ்ச் பார்கெய்ன்’ படத்தின் தொடர்ச்சி. ஜெஃப்ரி லின், மார்த்தா ஸ்காட், ஹாரி மார்கன் மூவரும் கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து அதே பாத்திரங்களில் வர, பழைய படத்தின் காட்சிகளே கடந்தகாலமாக இடையில் ஓடும். முகத்தில் விழுந்த வயதே கதையாகிவிட்ட இடம் அது. இந்த வேலையைக் கொலம்போவின் கட்டுமானத்தால் செய்திருக்க முடியாது. நோயால் சக்கர நாற்காலிக்கு வந்த மேட்லின் ரூ, ஆண்டு வருமானம் குறைந்து நடிகர் சங்க மருத்துவக் காப்பீட்டை இழக்கும் நிலையில் இருந்தபோது, லான்ஸ்பரி அவருக்காக ஒரு நூலகர் வேடத்தை ஏற்படுத்திக் கொடுத்தார். மூத்த நடிகர்களுக்கு இந்தத் தொடர் வெறும் கௌரவம் மட்டும் தரவில்லை, சோறும் போட்டது. இளம் ஜார்ஜ் க்ளூனியையும் கோர்ட்னி காக்ஸையும் இங்கே பிடிக்கலாம், ஆனால் அது இன்றைக்குத் திரும்பிப் பார்க்கிறவரின் வேடிக்கை.

ஒரு சின்னத் தகவல்: ஜெசிகாவின் ஊரான கேபட் கோவின் டாக்டர் சேத்தாக வரும் வில்லியம் விண்டம், 1968இல் வந்த முதல் கொலம்போ டிவி படத்திலும் இருக்கிறார். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவர்.

போட்டியில் மூன்றாவதாக, ஜேம்ஸ் கார்னர் தனியார் துப்பறிவாளராக நடித்த ‘தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’ தொடரைச் சேர்க்கலாம். ரீட்டா மொரீனோவுக்கு எம்மி வாங்கித் தந்தது, டாம் செலெக்கை எல்லாம் கைகூடிவரும் லான்ஸ் வைட்டாகப் போட்டு நாயகனை வெறுப்பேற்றியது. அங்கே வருகிறவர்கள் கார்னரின் சலிப்புக்கு எதிர்ப்பாட்டு. அதற்கு மேல் இடமில்லை.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: கொலம்போவில் மேலே சொன்னவற்றோடு, லெனார்ட் நிமாய் இதய அறுவை மருத்துவராக வரும் ‘எ ஸ்டிச் இன் கிரைம்’ (1973), ரூத் கார்டனின் ‘ட்ரை அண்ட் கேட்ச் மி’ (1977) இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னதில் கொலம்போ நிஜமாகவே கோபப்படுகிறார், அது அபூர்வம். பின்னதில் கொலைகாரி, வயதான துப்பறியும் கதாசிரியை. ஏழு வருடம் கழித்து, அதே தொழில் செய்யும் அம்மாள் ஜெசிகாவாக, துப்பறிகிறவராக மாறிவிட்டார். ஜெசிகாவில் முதல் ஐந்து சீசன்களுக்குள் நிற்கலாம். ஆறு, ஏழில் சில எபிசோடுகளில் லான்ஸ்பரி தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் தலைகாட்டிவிட்டு வேறொருவர் கதையைச் சொல்லிவிட்டுப் போவார். அவருக்காகப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

1989இல் ஏபிசி சானலில் திரும்பிவந்த கொலம்போவைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள், எழுபதுகளின் எபிசோடுகள் அளவுக்கு அவற்றை அலசியதில்லை. எனக்கு ஏற்ற இறக்கமாகத்தான் தெரிகிறது. ஆனால் மெக்கூஹனின் ‘அஜெண்டா ஃபார் மர்டர்’ (1990) மட்டும் தயங்காமல் பார்க்கலாம், சீஸ் துண்டில் விழுந்த பல்தடம்தான் அதில் துப்பு.