காது கேளாதோர் கண்காட்சியில் மூன்று சமய ஸ்டால்கள்: கோலாலம்பூரில் பார்த்தது

செப்டம்பர் 23 அனைத்துலகச் சைகை மொழி நாள். அதையொட்டி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் காது கேளாதோருக்கான சமூகக் கண்காட்சி. காதுகேள் கருவி, காப்புறுதி, வேலை வாய்ப்பு என்று வரிசையாக ஸ்டால்கள், நடுவில் சமயத்துக்கு மூன்று: ஒரு கோயில் இளைஞர் குழு, ஒரு தேவாலயம், வீடியோவை மட்டும் நம்பி வந்த ஒரு பஜனைக் குழு. யார் எவர் என்று எழுதப் போவதில்லை. வேறு யார் ஸ்டால் போட்டாலும் முக்கால்வாசி இதே தவறுகள்தான் வரும்.

கோயில் ஸ்டாலில் பளபளவென்று இரண்டு கட்டுத் துண்டறிக்கைகள், எல்லாம் தமிழில். யார் படிப்பது? நம் நாட்டில் காது கேளாத பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்விப் பள்ளிகளில் பாட மொழி மலாய். தமிழ் வீட்டுப் பிள்ளையும் எழுதப் படிக்கக் கற்பது மலாயில்தான், கூடக் கொஞ்சம் ஆங்கிலம். பதிகம் அச்சிட்ட அட்டையை ஒரு இளைஞர் முன்னும் பின்னும் திருப்பினார், முருகன் படத்தைப் பார்த்தார், மேசையிலேயே வைத்துவிட்டார். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டது அவருடைய அம்மா. பிள்ளை படிக்கும் மொழி அம்மாவுக்குச் சரளமில்லை, அம்மா படிக்கும் மொழி பிள்ளைக்குத் தெரியாது. ஒரே தாளில் ஒரு பக்கம் சின்னச் சின்ன வாக்கியங்களில் மலாய், மறுபக்கம் அதே விஷயம் தமிழில் என்று அடித்திருந்தால் வீட்டில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். அச்சுச் செலவு கூடப் பெரிதாக ஏறாது.

ஆனால் மலாயில் அடித்தால் இன்னொரு வேலை சேர்ந்து வரும். முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடம் தருகிறது. கண்காட்சிக்கு மலாய் படிக்கும் முஸ்லிம்கள் உட்பட எல்லா இனத்தாரும் வருகிறார்கள். தேவாலய ஸ்டால்காரர்கள் ‘முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும்’ என்று மலாயில், தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்தில் முகப்பிலேயே வைத்திருந்தார்கள். இந்த விஷயத்தில் அவர்களைப் பார்த்துக் கற்கலாம்.

மாலையில் கோயில் ஸ்டாலின் நிலைமையே மாறியது. காது கேளாத பெண் தொண்டர் ஒருவர் வந்து முன்னால் நின்றதுதான் காரணம். மூன்று விரலை நெற்றியில் இழுத்தார், விபூதி. தலையில் பால்குடம் வைத்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடி, பத்துமலையின் 272 படிகளை முகத்திலேயே ஏறிக் காட்டினார். மூச்சு வாங்கியது, முழங்கால் தளர்ந்தது, மேலே போய்ச் சேர்ந்ததும் கண் விரிந்தது. சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதே மேசையின் மறுகோடியில் ஒரு தொண்டர் ‘கர்மா’வை எழுத்து எழுத்தாக விரலில் காட்டிக்கொண்டிருந்தார். முன்பே தெரியாத சொல்லை விரலெழுத்தில் காட்டினால் அது வெறும் எழுத்து வரிசைதான், பொருள் போய்ச் சேராது. அந்தப் பெண் ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்பதை அப்படியே விதைத்து, நீர் ஊற்றி, மிளகாய் பறித்து, கடித்து, முகம் சுளித்து முடித்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நாளின் மிக மோசமான இரண்டு தருணங்களும் பேச்சில்தான் வந்தன. கோயில் ஸ்டாலில் பெரியவர் ஒருவர், காது கேளாதது முன்வினைப் பயன் என்றார். சைகை மொழிபெயர்ப்பாளரால் அதை மாற்ற முடியாது, அப்படியே பெயர்த்தார். நின்றிருந்த நால்வரும் நகர்ந்துவிட்டார்கள். தேவாலய ஸ்டாலில் குணமாக வேண்டும் என்று அனுமதி கேட்காமலே ஒருவர் காதில் கை வைத்து ஜெபித்தார்கள். தனக்கென்று மொழியும் நண்பர் வட்டமும் வைத்திருப்பவரிடம் போய் ‘உங்களிடம் ஒரு குறை இருக்கிறது’ என்று தொடங்கினால் அடுத்த பேச்சுக்கு இடமேது?

தேவாலயக்காரர்கள் காசு கொடுத்து மொழிபெயர்ப்பாளரை அழைத்திருந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரே ஆள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். மதியம் மூன்று மணிக்கெல்லாம் அவர் கையசைவு சுருங்கி, முகபாவமே வற்றிவிட்டது. சைகை மொழியில் முகம்தான் பாதி இலக்கணம். புருவம் சொல்லவில்லையென்றால் அது கேள்வியா செய்தியா என்றே தெரியாது. முகக்கவசம் போட்டிருந்த தொண்டர்களுக்கும் இதே கதி.

குறுகிய கால வகுப்பு முடித்து வந்தவர்கள் மலாய் வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கையால் காட்டினார்கள். பிஐஎம் எனப்படும் மலேசியச் சைகை மொழி அது இல்லை. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றுக்கொண்டிருப்பது அதைத்தான்.

இடமும் காலை வாரியது. கோயில் ஸ்டாலுக்குப் பின்னால் முழுக்கக் கண்ணாடிச் சுவர். வெயில் முதுகில் அடிக்க, பேசுபவர் வெறும் நிழலுருவம். மேசையைப் பக்கவாட்டில் திருப்பினாலே சரியாகியிருக்கும். பூப்போட்ட பாத்திக் சட்டையில் விரல் தனித்துத் தெரியாது, தோல் நிறத்திலிருந்து விலகி நிற்கும் ஒற்றை நிறச் சட்டைதான் சரி. மூன்று ஸ்டாலிலும் கண்ட ஒரே தவறு: துண்டறிக்கையை நீட்டிக்கொண்டே விளக்குவது. காது கேட்பவர் படித்தபடியே கேட்கலாம். இவருக்குப் படிக்கவும் ‘கேட்கவும்’ இருப்பது அதே இரண்டு கண்கள். தாளைக் கொடுங்கள், கையை இறக்குங்கள், அவர் நிமிர்ந்து பார்த்த பிறகு தொடங்குங்கள்.

வீடியோ ஸ்டாலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அமெரிக்கச் சைகை மொழி வீடியோக்கள், மூலையில் கட்டைவிரல் அளவு மொழிபெயர்ப்பாளர். பிஐஎம்-மில் அமெரிக்கச் சைகையின் சாயல் நிறைய உண்டு என்பதால் பலர் தலையாட்டினார்கள், புரிந்ததால் அல்ல. ஒலிபெருக்கியில் பஜனை வேறு! காதுகேள் கருவி இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். இரண்டு பேர் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடந்தார்கள்.

கோயில் ஸ்டாலின் பதிவுப் படிவத்தில் ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத் திறனாளி அட்டையின் எண் கேட்டிருந்தார்கள். எதற்கு? கொடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் எண் கொடுத்தவர்களுக்கு மறுவாரம் அழைப்பு வந்தது, குரல் பதிவாக.

ஐந்துக்குக் கோயில் ஸ்டால் 3, அதில் இரண்டு அந்தப் பெண்ணுக்கு. தேவாலயம் இரண்டரை. வீடியோ ஸ்டால் 1. கோயில் ஸ்டாலின் சுண்டல் அருமை, தேங்காய் தாராளம். ஆனால் ஒரு கையில் சுண்டல், மறுகையில் துண்டறிக்கை என்று திணித்துவிட்டு ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்டால், அவர் எந்தக் கையால் பதில் சொல்வார்?