தோனி (Thonny) எடிட்டர்: மொரீசியஸ்ல ஸ்கூல் சர்டிஃபிகேட் (எஸ்.சி.) பசங்களுக்கு ப்ரோக்ராமிங் சொல்லிக்குடுத்த அனுபவம்

மொரீசியஸ்ல எபென்ல என்கூட வேல பாக்குற அண்ணன் ஒருத்தர் கேட்டாரு, பொண்ணு கிரேட் 10 போறா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கா, வீட்டு லேப்டாப்ல என்னப்பா போட்டுக் குடுக்கலாம், நீ சனிக்கெழம பசங்களுக்கு தோனின்னு ஏதோ வச்சு சொல்லிக்குடுக்குறியே அதயே போட்டுரட்டுமான்னு. வாட்ஸப்ல ரெண்டு வரில பதில் போடலாம்னு பாத்தேன், முடியல, ஏன்னா ஆமான்னும் சொல்லணும் வேணாம்னும் சொல்லணும். அதான் இங்க விலாவாரியா எழுதுறேன், இங்க எஸ்.சி.க்கு, அதாவது கிரேட் 11 முடிவுல எழுதுற ஸ்கூல் சர்டிஃபிகேட் பரீட்சைக்கு, புள்ளைங்கள வச்சிருக்க மத்தவங்களுக்கும் உதவட்டும்.

தோனின்னா என்னன்னு பெருசா சொல்லத் தேவையில்ல. பைத்தான் மொழில ப்ரோக்ராம் எழுதி ஓட்டிப் பாக்க எஸ்டோனியால டார்ட்டு யுனிவர்சிட்டில செஞ்ச எடிட்டர், முழுக்க இலவசம், பைத்தான் உள்ளயே வந்துரும், தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம். பழைய லேப்டாப்லயும் ஓடும். ராஸ்பெரி பைங்கிற சின்ன கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்களுக்கு அதுலயே இருக்கும். நெட் வேணாங்கிறது நம்ம ஊர்ல சின்ன விஷயம் இல்ல, 2024 ஜனவரில பெலால் புயல் வந்தப்ப நெட் போன வீடு எத்தன, பிரவுசர்ல ஓடுற எடிட்டர்லாம் அந்த மாதிரி நாள்ல ஒண்ணுத்துக்கும் ஆகாது, தோனிக்கு பேட்டரில சார்ஜ் இருந்தா போதும்.

நான் சொல்ல வந்தது தோனில ப்ரோக்ராம அடி அடியா நகத்திக் காட்டுற எஃப் 7 பட்டன பத்தி. ரோஸ் ஹில்ல நான் எடுக்குற கிளாஸ்ல புதுசா வர்ற புள்ளைங்க எல்லாரும் தடுக்கி விழுற எடம் ஒண்ணு இருக்கு. பைத்தான்ல வேரியபிளுக்கு (மதிப்ப போட்டு வைக்குற டப்பா மாதிரி) தமிழ்லயே பேரு வைக்கலாம், அதனால நான் முதல் வாரமே இப்படித்தான் எழுதுவேன்:

மொத்தம் = மொத்தம் + விலை

இத பாத்ததும் கணக்குல கெட்டியான ஒரு பொண்ணு, "தொந்தொன் (க்ரியோல்ல மாமா), ரெண்டு பக்கமும் மொத்தம் இருக்கே, அப்ப விலை சைபர் தான?"ன்னு கேட்டுச்சு. அல்ஜீப்ரா படிச்ச புள்ளைக்கு அது நூத்துக்கு நூறு சரியான பதில். அந்தச் சமக்குறி இங்க சமம்னு சொல்லல, வலதுபக்கம் கணக்கு போட்டு இடதுபக்கப் பேர்ல போட்டு வையின்னு சொல்லுதுன்னு வாயால எவ்வளவு சொன்னாலும் மண்டைல ஏறாது, தலைய ஆட்டுவாங்க, அடுத்த வாரம் அதே கேள்வி வரும்.

தோனில கண்ட்ரோல் எஃப் 5 அடிச்சு டீபக்ல, அதாவது ப்ரோக்ராம நிறுத்தி நிறுத்தி ஓட்டுற மோட்ல போயி, எஃப் 7-ஐ ஒவ்வொரு தடவையா அமுக்கச் சொன்னேன். விலைப்பட்டியல் 40, 60, 25, அதாவது நம்ம ஊர்ல சாப்பிடுற குடிக்கிற தால் பூரி, அலூடா, காத்தோ பிமான், இத ஒவ்வொண்ணா எடுத்துக் கூட்டுற லூப் (திரும்பத் திரும்ப ஓடுற பகுதி). ரெண்டாவது ரவுண்டுல அந்த வரி வரும்போது மொதல்ல முழு வரியும் கலர் ஆகுது, அப்புறம் வலதுபக்கம் மட்டும், அப்புறம் வலதுபக்கம் இருக்க மொத்தம்கிற வார்த்தை மட்டும், அடுத்த அமுக்குல அந்த வார்த்தை இருந்த எடத்துலயே 40-ன்னு மாறுது, அப்புறம் விலை இருந்த எடத்துல 60 வருது, அடுத்த அமுக்குல ரெண்டும் சேந்து 100 ஆகுது, அதுக்கும் அடுத்த அமுக்குல தான் பக்கத்துல வேரியபிள் கட்டத்துல மொத்தம் 40-ல இருந்து 100 ஆகுது. அந்தப் பொண்ணு திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துட்டு, "ஆ, மொதல்ல வலது, அப்புறம் தான் இடது"ன்னு தானே சொல்லிச்சு. நான் வாயே தொறக்கல. இத்தன வருஷமா எத்தனையோ எடிட்டர் பாத்துட்டேன், வேலைக்கு பயன்படுத்துற பெரிய பெரிய எடிட்டர்லாம் டீபக்ல வரிவரியா தான் போகும், ஒரு வரிக்குள்ள நடக்குறத இப்படி பிரிச்சுக் காட்டுறத நான் வேற எங்கயும் பாக்கல, பதினஞ்சு வயசுப் புள்ளைக்கு தேவை அந்த வரிக்குள்ள நடக்குறது தான்.

இன்னொரு சந்தோஷம் நான் எதிர்பாக்காதது. ஒரு பையன் முருகன்னு எழுதி, ஒவ்வொரு எழுத்தா பிரிச்சு பிரிண்ட் பண்ற லூப் போட்டான். நாலு எழுத்து தான, ஏழு வரி வந்துச்சு. ம தனியா, உகரக் கொம்பு தனியா, ர தனியா, மறுபடியும் கொம்பு, க, ன, கடைசில புள்ளி மட்டும். "சா பா கபாவ்!"ன்னு கத்துறான், அதாவது இப்படி இருக்கவே முடியாதுன்னு. திருப்பிப் போட்டா இன்னும் மோசம், ர மேல இருந்த கொம்பு க-க்கு தாவிருச்சு, புள்ளி முன்னாடி அநாதையா நிக்குது. பள்ளிக்கூடத்துல தமிழ் எடுக்குற புள்ளைங்கதான் எல்லாரும், மு ஒரே எழுத்துன்னு டீச்சர் சொன்னத கம்ப்யூட்டர் ரெண்டுங்குதே ஏன்னு சண்ட. அங்க இருந்து யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற முறை) போயிட்டோம், பழைய முறையான ஆஸ்கில மொத்தமே 128 எடம், அதுல தமிழுக்கு எடமே இல்ல, யூனிகோடுல தமிழுக்குன்னே ஒரு 128 எடம் ஒதுக்கியிருக்காங்க, உயிர்மெய்ய மெய்யோட அகர வடிவமாவும் குறியாவும் பிரிச்சு வச்சிருக்காங்க, அத சேமிக்குற யூடிஎஃப்-8 முறைல ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், ஆக முருகனுக்கு 21 பைட். இது எஸ்.சி. பரீட்ச பேப்பர் 1-ல வர்ற பாடம்தான், புக்குல ஒரு பத்தி. அந்த ஒரு பத்திக்கு அன்னைக்கு முழு கிளாஸும் போச்சு, யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்ல.

கோபம் வர்ற விஷயத்துக்கு வர்றேன். சின்னக் கோபம் ஒண்ணு மொதல்ல சொல்லிர்றேன், பைத்தான் கூடவே வர்ற டர்ட்டில்ங்கிற தொகுப்ப வச்சு படம் வரைய ஆரம்பிச்சதும் எல்லாப் புள்ளையும் ஃபைலுக்கு டர்ட்டில்னே பேரு வச்சு சேவ் பண்ணும், அப்புறம் பைத்தான் நிஜ டர்ட்டில விட்டுட்டு இவங்க ஃபைலயே இம்போர்ட் பண்ணும், சர்க்குலர் இம்போர்ட்டுன்னு என்னமோ எரர் வரும், புள்ள மூஞ்சி வாடிரும். பைத்தான் 3.13-ல தான் ஃபைல் பேர மாத்துன்னு தெளிவா சொல்லுது, நான் வச்சிருக்க தோனி 4.1-கூட வர்றது 3.10. ரேண்டம்ங்கிற தொகுப்பு பேர ஃபைலுக்கு வச்சாலும் இதே கததான். இத நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. ஆனா இது தாங்கக்கூடியது.

தாங்க முடியாதது பரீட்ச சம்பந்தப்பட்டது. எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ரெண்டு பேப்பர், ரெண்டும் 1 மணி 45 நிமிஷம், ரெண்டுக்கும் 75 மார்க், ரெண்டுமே பேனால எழுதறது, கால்குலேட்டர் கூட கெடையாது. ப்ரோக்ராமிங் பேப்பர் 2, அதுல சூடோகோட் (எந்த கம்ப்யூட்டர் மொழியும் இல்லாம ப்ரோக்ராம் மாதிரி எழுதறது) குடுத்து ட்ரேஸ் டேபிள் போடச் சொல்வாங்க, அதாவது ஒவ்வொரு வேரியபிளுக்கும் மேலிருந்து கீழ ஒரு கட்ட வரிசை, மதிப்பு மாற மாற கீழ கீழ எழுதிட்டு வரணும். நல்லா யோசிச்சுப் பாருங்க, தோனி எஃப் 7-ல பண்றது அச்சு அசலா அந்த ட்ரேஸ் டேபிள் தான். அதனால என் கிளாஸ் புள்ளைங்க இதுல அடிச்சு நொறுக்கிருவாங்கன்னு தான் யாரும் நெனப்பாங்க.

நடந்தது நேர்மாறு. என் கிளாஸ்லயே வேகமான பையன், எந்த ப்ரோக்ராம் குடுத்தாலும் ஓட வச்சுருவான், அவன் ஸ்கூல் மாடல் எக்ஸாம்ல ட்ரேஸ் டேபிள்ல மூணாவது வரியோட நிறுத்திட்டான். பேப்பர வாங்கிப் பாத்தேன். இன்னொரு கேள்வில 1-ல இருந்து 5 வரைக்கும் போற ஃபார் லூப்ப நாலே தடவ ஓட்டியிருக்கான். பைத்தான் ரேஞ்சுல 1, 5-ன்னு குடுத்தா 4-லயே நின்னுரும், பரீட்ச சூடோகோட்ல 5-ம் சேத்தி, பைத்தான் பழகின கண்ணு அத பாக்கவே இல்ல. ஒரு நிபந்தனை நிறைவேறுற வரைக்கும் ஓடுற ரிப்பீட் அன்டில் லூப் பைத்தான்ல கெடையவே கெடையாது, அது கேள்வில வந்ததும் தடுமாறிட்டான். இதுகூட பரவால்ல, சொல்லிக்குடுத்துரலாம். அவன் சொன்னது தான் எனக்கு வயித்தெரிச்சல், "அடுத்து என்ன ஆகும்னு தெரியல தொந்தொன், எப்பவும் அமுக்கினா அதுவே காட்டிரும்ல." மாசக்கணக்கா அந்தப் பையன் மதிப்பு மாறுறத வேடிக்க பாத்திருக்கான், மண்டைல ஒருதடவ கூட மாத்திப் பாக்கல. நல்லாக் காட்டுற எடிட்டர், அதுவும் இவ்வளவு அழகா காட்டுற எடிட்டர், புள்ளைய யோசிக்கவே விடல. சுமாரான எடிட்டரா இருந்திருந்தா பேப்பர்ல போட்டுப் பாத்திருப்பான், வேற வழி இருந்திருக்காது.

நியாயமா பாத்தா தோனி மேல குத்தம் சொல்ல முடியாது, அத செஞ்சவங்க எந்தப் பரீட்சைக்காகவும் செய்யல, பைத்தான் புரியணும்னு செஞ்சாங்க, அது புரியுது. இப்ப நான் கிளாஸ்ல மொதல்ல கட்டம் போட்ட நோட்டுல முழு டேபிளையும் பென்சில்ல எழுத வைக்குறேன், அப்புறம் தான் லேப்டாப்ப தொறக்க விடுறேன், எஃப் 7 அமுக்கிக்கிட்டே வரிக்கு வரி டிக் போடணும், எந்த வரில தப்பாச்சோ அங்க நிறுத்தி ஏன்னு எழுதணும். நல்லா வேல செய்யுது. ஆனா நான் பக்கத்துல நிக்குறப்ப மட்டும் தான் வேல செய்யுது. வீட்ல எந்தப் புள்ளையும் பென்சில எடுக்காது, அமுக்கினா விடை வர்றப்ப எதுக்கு எடுக்கணும்?

அதனால அண்ணனுக்கு நான் சொல்றது இதுதான். கிரேட் 10-க்கு தோனிய விட நல்லது எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்ல, இன்னைக்கே போட்டுக் குடுங்க, ரெகுலர் மோட்ல வைங்க (சிம்பிள் மோட்ல மெனு இருக்காது), வேரியபிள் கட்டத்த வியூ மெனுல தொறந்து வச்சிருங்க. கிரேட் 11-ல பாதி வருஷம் தாண்டினதும் லேப்டாப்ல இருந்து தூக்கிருங்க. மூடி வைங்கன்னு சொல்லல, அன்இன்ஸ்டால் பண்ணிருங்க. பொண்ணு அழும், சண்ட போடும், நானே வந்து வேணா தூக்கித் தர்றேன். அக்டோபர்ல பரீட்ச ஹால்ல அவகிட்ட இருக்கப்போறது ஒரு பேனா, அதுக்குத்தான் அந்தக் கடைசி மாசங்கள்ல கை பழகணும்.

அடுத்த கட்டமான எச்.எஸ்.சி.க்கு (ஹையர் ஸ்கூல் சர்டிஃபிகேட்) புள்ளைய வச்சிருக்கவங்க இதக் கேட்டு தூக்கிராதீங்க. அங்க பேப்பர் 4 கம்ப்யூட்டர்லயே உக்காந்து 2½ மணி நேரம் எழுதறது, ரெக்கர்ஷன் வரும், அதுக்கு தோனி மாதிரி வராது, ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் புது விண்டோ ஒண்ணு தொறக்கும், ஒவ்வொண்ணுலயும் அதோட சொந்த வேரியபிள் மட்டும் இருக்கும், 4 ஃபேக்டோரியல் (4×3×2×1) போட்டா விண்டோ மேல விண்டோ ஏறி நின்னு அப்புறம் ஒண்ணொண்ணா விடைய கீழ குடுத்துட்டு மூடும். பெரிய லூப் இருக்க ப்ரோக்ராம மட்டும் இந்த டீபக்ல ஓட்ட வேணாம், ஆமையா நகரும், ரன் மெனுல ஃபாஸ்டர்னு இன்னொண்ணு இருக்கு, அத எடுத்துக்கோங்க.