மாதவிலக்கு நின்றபின் எலும்புக்கு எந்த டெஸ்ட்? ஹார்மோனா, ஸ்கேனா?

ஐம்பதைத் தாண்டிய பெண் எலும்பு மெலிகிறதோ என்று பயந்து லேபுக்குப் போனால், ஈஸ்ட்ரடயால், எஃப்எஸ்எச், பிடிஎச், வைட்டமின் டி எல்லாம் சேர்ந்த ஒரு பேக்கேஜை நீட்டுவார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் அக்காக்களுக்கு அது பல நாள் கூலி. அதில் எது தேறும்?

ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோனின் முக்கிய வகையான ஈஸ்ட்ரடயாலை முதலிலேயே விட்டுவிடலாம். எலும்பை அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரஜன்தான், மறுக்கவில்லை. ஆனால் மாதவிலக்கு நின்ற எல்லாருக்குமே அது குறைவு. அவ்வளவு குறைந்த அளவைச் சாதாரண லேப் முறை சரியாகப் பிடிப்பதும் இல்லை. தெரிந்த விஷயத்தைக் காசு கொடுத்துத் தெரிந்துகொள்வானேன்?

சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்எச் கதை கொஞ்சம் வேறு. அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வில், மாதவிலக்கு நிற்கும் காலத்து எலும்பு இழப்போடு ஈஸ்ட்ரடயாலைவிட இதுதான் நன்றாக ஒத்துப்போனது. ஆராய்ச்சிக்கு அருமையான அடையாளம். ஆனால் 58 வயதில் எல்லாருக்கும் ஏறியேதான் இருக்கும். யாருடைய இடுப்பு முறியும் என்று அது பிரித்துச் சொல்லாது.

என் ஓட்டு வைட்டமின் டி-க்கு. உயரமான இடத்தில் வெயில் உறைக்கும் என்பது சரிதான். ஆனால் ஆடி மாத மூடுபனியில் ஸ்வெட்டர், தலையில் துணி, இடுப்பில் படங்கு என்று நிற்பவரின் தோலில் எவ்வளவு வெயில் படும்? நாள் முழுக்க வெளியில் வேலை செய்கிறார், குறையிருக்காது என்று கணக்குப் போட முடியாது. ரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இறங்கினால் பற்றாக்குறை. அப்போது பிடிஎச் (கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன்) ஏறி, ரத்தத்தில் கால்சியம் குறையாமலிருக்க அதை எலும்பிலிருந்து உருவும். கால்சியமும் பிடிஎச்சும் சேர்ந்தே ஏறியிருந்தால் விஷயம் வேறு, பாராதைராய்டு சுரப்பியைப் பார்க்க வேண்டும். அதனால் பிடிஎச்சைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. அப்புறம், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்எச் டெஸ்டை மறக்க வேண்டாம். மாத்திரையின் டோஸ் கூடிப்போனாலும் எலும்பு கரையும்.

சில பேக்கேஜில் சிடிஎக்ஸ் என்று ஒன்று இருக்கும். அது ஹார்மோன் அல்ல, அரிபடும் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும் துணுக்கு. காலையில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டால் அளவு இறங்கிவிடும். விடிந்ததும் பால் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுப் பழகியவர்களிடம் இதை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். சிகிச்சை தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்தில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இது நல்லது. நோயைக் கண்டுபிடிக்க அல்ல.

கண்டுபிடிக்க டெக்சா ஸ்கேன்தான். இடுப்பு, முதுகெலும்பு அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளந்து, இளம் வயது எலும்போடு ஒப்பிட்டு டி-ஸ்கோர் தரும், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். முதுகில் மூட்டுத் தேய்மானம் இருந்தால் அங்கே ஸ்கோர் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும், அதனால் இடுப்பையும் பாருங்கள். பக்கத்தில் ஸ்கேன் இல்லாவிட்டால், பேக்கேஜ் காசை மிச்சம் பிடித்துக் கோவைக்கு பஸ் ஏறுவது மேல். நின்ற இடத்தில் வழுக்கி விழுந்ததற்கே இடுப்பெலும்பு முறிந்தவருக்கு ஸ்கோர் எதுவானாலும் சிகிச்சை தேவைப்படும். ஓரிரு ஆண்டு கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அதே இயந்திரத்தில் எடுங்கள். வேறு இயந்திரத்து எண்ணோடு ஒப்பிட முடியாது.