சொட்டு மருந்தா, சிறப்புக் கண்ணாடியா? கோத்தகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

மகளுக்குக் கிட்டப்பார்வை. ஏழு வயதில் கண் பவர் மைனஸ் 1.25 இருந்தது, எட்டு வயதில் மைனஸ் 2.25 ஆனது. ஒரே வருடத்தில் இவ்வளவு ஏறியதும் கோயம்புத்தூர் டாக்டர் இரண்டு வழி சொன்னார்: இரவில் அட்ரோபின் சொட்டு, இல்லையென்றால் பவர் ஏறுவதை மட்டுப்படுத்தும் சிறப்புக் கண்ணாடி. நாங்கள் சொட்டு மருந்தை எடுத்தோம். குன்னூரில் இருக்கும் என் நாத்தனார் தன் மகனுக்குக் கண்ணாடியை எடுத்தார். ஒன்றரை வருடமாக இரண்டையும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

இரண்டுமே இருக்கிற பவரைக் குறைக்காது. கண் உருண்டை நீண்டுகொண்டே போவதுதான் கிட்டப்பார்வை ஏறக் காரணம். நீண்டது சுருங்காது, வேகத்தைத்தான் குறைக்கலாம். பவரைக் குறைத்துக் கண்ணாடி போட்டால் ஏறாது என்று பெரியவர்கள் சொல்வது சரியில்லை. தூங்கும்போது போடும் கான்டாக்ட் லென்ஸும் உண்டு. கிருமித்தொற்று பயத்தில் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

கண்ணாடி நல்ல வழிதான். லென்ஸின் நடுவில் சுமார் 9 மில்லிமீட்டர் தெளிவான வட்டம், அதைச் சுற்றி ஏறக்குறைய 400 குட்டி லென்ஸ்கள். ஹாங்காங்கில் இரண்டு வருடம் சோதித்ததில், சாதாரணக் கண்ணாடி போட்ட பிள்ளைகளைவிடப் பவர் ஏறுவது 52 சதவீதம் குறைந்தது. மருந்தே வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் நாள் முழுக்க மூக்கில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் லென்ஸ் வெளுத்துப்போகும். நாத்தனார் மகன் ஸ்வெட்டர் நுனியால் துடைப்பான். ஆறே மாதத்தில் கீறல். ஃபிரேம் தளர்ந்து சறுக்கி, மேல் விளிம்பு வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தான். புது லென்ஸுக்குப் பல ஆயிரம் ரூபாய், வந்து சேரும்வரை பழைய கண்ணாடி.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது இந்தப் பராமரிப்புதான். சொட்டு மருந்து பிள்ளையின் கையில் இல்லை, என் கையில் இருக்கிறது. படுக்கும் முன் மடியில் தலை வைப்பாள். கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டு, மூக்கோரம் கண் முனையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். பாட்டிலைத் திறந்த தேதியை மார்க்கரில் அதன்மேலேயே எழுதிவிடுவேன், ஒரு மாதம் ஆனால் மீதி இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் மருந்து மேலே வராது, அதனால் கையில் எப்போதும் இரண்டு பாட்டில். திடீரென்று நிறுத்தினால் பவர் வேகமாக ஏறலாம் என்பதால் இதில் நான் விடுவதே இல்லை.

அளவையும் டாக்டரிடம் கேளுங்கள். ஹாங்காங்கில் 0.01, 0.025, 0.05 சதவீதம் மூன்றையும் ஒப்பிட்டதில் 0.05தான் அதிகம் பலன் தந்தது. மகளுக்கு அதுதான். முதல் இரண்டு வாரம் காலை வெயிலில் கண் கூசியது, தொப்பி போட்டு அனுப்பினேன், அப்புறம் பழகிவிட்டது.

இப்போது மைனஸ் 2.50. மருந்தாலா, வயது கூடும்போது தானாகவே வேகம் குறைவதாலா என்று ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது. நிறுத்தும் கட்டத்துக்கும் நாங்கள் இன்னும் வரவில்லை.

எதை எடுத்தாலும் பிள்ளை வெளியே இருக்க வேண்டும், தினம் இரண்டு மணி நேரம் என்கிறார்கள். இங்கே சாயங்காலம் தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை இறங்கிவிடும். அதனால் பள்ளிக்கு முன் முக்கால் மணி, மதியச் சாப்பாடு மைதானத்தில், மீதி ஞாயிற்றுக்கிழமை. மேகம் மூடிய நாளிலும் வெளியே வெளிச்சம் வகுப்பறையைவிடப் பல மடங்கு.