பாவூர்சத்திரமா, சென்னையா, பாளையங்கோட்டையா? முதல் நர்ஸ் வேலைக்கு ஊர் மாறுவது பற்றி

என் சித்தப்பா மகள் இந்த வருடம் பி.எஸ்சி. நர்சிங் முடித்தாள். நர்சிங் கவுன்சிலில் பதிவும் ஆகிவிட்டது. கையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, தென்காசி பக்கம் எங்கள் ஊரான பாவூர்சத்திரத்தில் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய இருபது படுக்கை நர்சிங் ஹோம், மாதம் 9,000. இன்னொன்று, சென்னையில் ஒரு பெரிய கார்ப்பரேட் மருத்துவமனை, 18,000, ஹாஸ்டல் உண்டு. சித்திக்குப் பெண்ணைத் தனியாக அனுப்ப மனமில்லை. சித்தப்பாவோ இரட்டிப்புச் சம்பளம் என்கிறார். இரண்டு மாதிரி இடத்திலும் வேலை பார்த்தவள் என்பதால் என்னிடம் கேட்டாள்.

முதலில் அந்த இரட்டிப்புக் கணக்கு. 18,000-இல் பி.எஃப். 1,800 வரை போகும். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 5,500 என்று வைத்தால் கையில் நிற்பது பத்தரை ஆயிரம். அப்புறம் ஊருக்கு வந்து போகும் செலவு. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு வாங்கும் 9,000-க்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால் பி.எஃப். உங்கள் பணம்தான், முதலாளியும் தன் பங்கைப் போடுகிறார். நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு அது அத்தாட்சியும் கூட. நம் பக்கத்துச் சிறிய நர்சிங் ஹோம்கள் பலவற்றில் அது கிடையாது. சம்பளம் மட்டும் என்றால் எந்தப் பக்கமும் சாயவேண்டிய அவசியமில்லை.

ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்குக் குறைந்தது 20,000 தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-லேயே பரிந்துரைத்தது. செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே 2017-இல் நர்ஸுகள் போராடினார்கள், 2018-இல் 20,000 குறைந்தபட்ச ஊதியம் ஆனது. இங்கே 9,000 பேசுகிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, வேலைக்கு வருவோம். நான் முதலில் சேர்ந்ததும் இப்படி ஒரு சிறிய இடம்தான். மூன்றாவது வாரமே நைட் டியூட்டியில் தனியாக நிறுத்தினார்கள். அதிகாலை இரண்டரைக்கு ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளி, பனியன் நனைய வியர்த்து, நாக்குக் குழற, போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. டாக்டர் போனை எடுக்கவில்லை. சர்க்கரையை ஏற்ற நரம்பில் போடும் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. ஆயாம்மாதான் ஓடிப்போய் எடுத்து வந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் விடிந்த பிறகு, நான் செய்தது சரிதானா, எவ்வளவு நேரத்தில் மறுபடி சர்க்கரை பார்த்திருக்க வேண்டும் என்று கேட்க அங்கே ஒரு சீனியர் இல்லை. அந்தக் குறைதான் இன்று வரை என்னை உறுத்துகிறது.

சிறிய இடத்தில் கை பழகும் என்பது உண்மை. குழந்தைக்கு கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போடுவது, பிரசவம், டிரெஸ்ஸிங், தியேட்டர் என்று ஆறு மாதத்தில் எல்லாம் தொட்டுவிடுவீர்கள். தப்பாகப் பழகினாலும் திருத்த ஆளில்லை என்பதுதான் சிக்கல்.

பிறகு சென்னைக்குப் போனேன். முதல் வாரம் நோயாளியைத் தொடவே விடவில்லை, வகுப்புதான். அடுத்து ஒரு சீனியர் சிஸ்டரோடு ஜோடி. காலை எட்டு மணிக்கு டியூட்டி மாற்றிக்கொடுக்கும் ஹேண்ட் ஓவரில் அவர் படுக்கை படுக்கையாக நின்று, ஒவ்வொரு டியூபையும் விரலால் தொட்டு, எங்கே போகிறது, எப்போது போட்டது என்று கேட்பார். எனக்கு இருந்த பாதி கெட்ட பழக்கங்கள் அந்த விரலில்தான் போயின. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு நர்ஸ் ஒருவர் என்பது வெறும் பாடப்புத்தக வரி இல்லை என்றும் அங்கேதான் பார்த்தேன்.

ஆனால் ஒரே யூனிட்டில் போட்டால் இரண்டு வருடமும் அதேதான். பிரசவமே பார்க்காமல் வெளியே வந்த தோழிகள் எனக்கு உண்டு. பொங்கலுக்கு லீவு கிடைக்காது. இரவு எழும்பூரில் பொதிகை ஏறி, காலையில் தென்காசியில் இறங்கி, பஸ் பிடித்து வீடு சேர்ந்தால், தூங்கி எழுவதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். முதல் மூன்று மாதம் குளியலறையில் அழுதேன். ஹாஸ்டலில் பாதிப் பேர் அப்படித்தான்.

அரசு வேலைக்காக வீட்டிலிருந்து காத்திருக்கலாமே என்றார் சித்தி. தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வை எழுதத்தான் வேண்டும். ஆனால் அதிலும் முதலில் தொகுப்பூதியம்தான். 2015-இல் எடுத்தவர்களுக்கு 7,700, பிறகு 14,000, அப்புறம் 18,000. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் 2017-இல் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் போய்ப் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. எந்த மாவட்டத்துக்கு அனுப்புவார்கள் என்பதும் உங்கள் கையில் இல்லை. எய்ம்ஸ் தன் நர்ஸ் வேலைகளுக்கு நடத்தும் நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர்கள் அனுபவமில்லாமலே எழுதலாம், ஜி.என்.எம். டிப்ளமோ என்றால் ஐம்பது படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருடம் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே இரண்டுக்கும் படியுங்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து படிக்க வேண்டாம், கை மறந்துவிடும்.

வீட்டில் யாருமே யோசிக்காத ஒன்று பாளையங்கோட்டை. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நூறு, இருநூறு படுக்கை, ஐ.சி.யூ. உள்ள தனியார் மருத்துவமனைகள் திருநெல்வேலியில் இருக்கின்றன. சம்பளம் சென்னையை விடக் குறைவாகத்தான் இருக்கும். வார ஆஃபுக்கு வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டுப் போகலாம். அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால், அவளுக்கு என் ஓட்டு அதற்குத்தான். இல்லையென்றால் சென்னை. பாவூர்சத்திரம் வேண்டவே வேண்டாம், இரண்டு வருடம் கழித்து வேண்டுமானால் திரும்பி வரட்டும்.

எங்கே போனாலும் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிடாதே, காட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றேன். இத்தனை வருடம் விலகமாட்டேன் என்ற பாண்டில் கையெழுத்துக் கேட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுப் போடு. இன்டர்வியூவில் சம்பளத்தைக் கேட்டுவிட்டு எழுந்து வராமல், நைட்டில் வார்டில் எத்தனை பேர், புதிதாக வந்தவளை எத்தனை நாளில் தனியாக நிறுத்துவீர்கள் என்று கேள்.

நேற்று பாளையங்கோட்டையில் ஓர் இடத்துக்குப் போய் வந்து போன் செய்தாள். "அக்கா, நைட்ல ஐ.சி.யூ.வுக்கு நாலு பேராம். மூணு மாசம் தனியா விடமாட்டாங்களாம். இன்சார்ஜ் சிஸ்டர் கூட்டிட்டுப்போய் கிராஷ் கார்டைத் திறந்து காட்டினாங்க." அவசர மருந்துகள் வைக்கும் அந்தத் தள்ளுவண்டியில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் எந்தத் தட்டில் இருந்தது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்.